அரிசியும் பருப்பும் இல்லாத வெண்பொங்கல்: பேலியோவுக்கு மாறியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தஞ்சை, கும்பகோணம், மாயவரம் பக்கத்தில், தானியத்தையும் பருப்பையும் விலக்கும் பேலியோ உணவுமுறைக்கு மாறுகிறவர்கள் முட்டையையும் மீனையும் கீரையையும் கொண்டு முதல் வாரத்தை எப்படியோ கடத்திவிடுகிறார்கள். இரண்டாவது வாரம் ஒரு காலை நேரத்தில், பக்கத்து வீட்டிலிருந்து நெய்யில் மிளகு பொரியும் மணம் வரும்போதுதான் உறுதி ஆட்டம் காண்கிறது. அந்தப் பொங்கலைக் காலிஃபிளவரில் செய்யலாம் என்று கேள்விப்பட்டுச் செய்து, கிண்ணத்தில் நீர் கோத்துக் கிடக்கும் கூழைப் பார்த்து மனம் உடைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் முதல் மூன்று முறை அப்படித்தான் செய்தேன்.

தவறு எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் நேர்கிறது. அரிசி தண்ணீரைக் குடித்துக் குழையும். காலிஃபிளவரோ வேகவேகத் தன்னுள் இருக்கும் தண்ணீரை வெளியே விடும். நூறு கிராம் காலிஃபிளவரில் ஏறத்தாழ 92 கிராம் தண்ணீர்தான். எனவே அரிசிப் பொங்கலின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் ஈரத்தை வெளியேற்றி, அதன் பிறகு கொழுப்பையும் குழைவையும் சேர்க்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த ஒரு காரணத்தைச் சுற்றியே அமைந்திருப்பதால், வரிசையை மாற்றாமல் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. எது போகிறது, எது இருக்கிறது

பேலியோவில் தானியம், பருப்பு வகைகள், சர்க்கரை, வெல்லம், சுத்திகரித்த எண்ணெய் ஆகியவை இல்லை. பொங்கலிலிருந்து அரிசியும் பாசிப்பருப்பும் போகின்றன. அதற்குத் துணையாக வைக்கும் கத்தரிக்காய்க் கொத்சிலிருந்து கடலைப்பருப்பும், சிலர் கடைசியில் இடும் வெல்லத் துணுக்கும் போகின்றன. தாளிப்பில் கை தானாக அள்ளிப் போடும் உளுத்தம்பருப்பும் போக வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் கடுகும் உளுந்தும் சேர்ந்தே வருவது பல ஆண்டுப் பழக்கம். தொடங்கும் முன்பே உளுந்துக் கிண்ணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, நெய் ஆகிய ஐந்தும் அப்படியே இருக்கின்றன. பொங்கல் என்று நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்த ஐந்தின் மணத்தைத்தான்; ஆகவே மாற்றம் செய்ய வேண்டியது மணத்தில் அன்று, வாயில் உணரும் குழைவில்தான்.

நெய்யைப் பற்றி ஒரு சொல். பால்பொருள்களை அறவே விலக்கும் கண்டிப்பான பேலியோ உண்டு. தமிழ்நாட்டில் பரவலாகப் பின்பற்றப்படும் குறைமாவு பேலியோவில் நெய், தயிர், பனீர் ஆகியவற்றுக்கு இடமுண்டு. கண்டிப்பானவர்களிலும் பலர், பால்திடப்பொருள் நீங்கியது என்பதால் நெய்யை ஏற்றுக்கொள்கிறார்கள். நெய்யும் கூடாது என்பவர்கள் தேங்காய் எண்ணெய் பயன்படுத்தலாம். ஆனால் அப்போது மணம் கும்பகோணத்தை விட்டுப் பாலக்காட்டுப் பக்கம் போய்விடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அளவு குறித்த கணக்கு இது. ஒருவருக்கு 75 கிராம் அரிசியும் 30 கிராம் பாசிப்பருப்பும் வைத்துச் செய்யும் பொங்கலில் சுமார் 75 கிராம் மாவுச்சத்து இருக்கும். இங்கே சொல்லும் பொங்கலும் கொத்சும் சேர்ந்து, நார்ச்சத்தைக் கழித்தால், ஒருவருக்கு 20 கிராமுக்குள் அடங்கும். இந்த வேறுபாடு பெரியது. எனவே இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்பவர்களும் மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசாமல் அரிசியை நிறுத்தக் கூடாது. பழைய அளவு மருந்தோடு மாவுச்சத்து மட்டும் குறைந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

அளவுகள் மூன்று பேருக்கானவை.

பொங்கலுக்கு: காம்பும் இலையும் நீக்கிய காலிஃபிளவர் பூக்கள் 800 கிராம், பாதாம் 40, ஒரு மூடித் தேங்காய் (பெரும்பகுதி பாலுக்கு, ஒரு சிறு துண்டு பல்பல்லாக நறுக்குவதற்கு), நெய் 4 மேசைக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, ஒரு விரல்கடை நீள இஞ்சி, கறிவேப்பிலை 2 ஈர்க்கு, பெருங்காயம் ஒரு சிட்டிகை, உப்பு.

கொத்சுக்கு: பிஞ்சான ஊதாக் கத்தரிக்காய் 300 கிராம், சிறு நெல்லிக்காய் அளவு புளி, தனியா 2 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, எள் 1 தேக்கரண்டி, செக்கு நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி, கடுகு, மஞ்சள்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு.

பெருங்காயத்தை வாங்கும்போது டப்பாவின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். ஒரு சிட்டிகையில் மாவுச்சத்து அற்பம்தான் என்றாலும், கோதுமை ஒவ்வாதவர்களுக்கு அந்த அற்பமும் தொல்லை தரும். மாவு கலக்காத பால் பெருங்காயம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். அதன் காரம் அதிகம் என்பதால் மிளகளவில் பாதி போதும்.

தேங்காய்ப்பாலை வீட்டிலேயே எடுப்பது நலம். டப்பாவில் அடைத்து வரும் பால் சிலவற்றில் கெட்டிப்படுத்துவதற்காகக் கொத்தவரை விதையிலிருந்து எடுத்த பசையைச் சேர்க்கிறார்கள். கொத்தவரையும் பருப்பினக் குடும்பம்தான். பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தேங்காய் வீட்டுக்கு வீடு கிடைக்கிற ஊரில் டப்பாவைத் தேடிப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

பாத்திரங்களில் முக்கியமானது அகலமான, கனமான வாணலி. இரும்பு வாணலி பொங்கலுக்கு மிகப் பொருத்தம். ஆனால் புளி இரும்போடு சேர்ந்தால் கறுத்துத் துவர்க்கும் என்பதால், கொத்சைக் கல்சட்டியிலோ மண்சட்டியிலோ செய்ய வேண்டும். குக்கரை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். பொங்கல் என்றதும் குக்கரை எடுத்து இரண்டு விசில் விட்டவர்களின் காலிஃபிளவர் சூப்பாகத்தான் வெளியே வந்திருக்கிறது.

3. முந்தைய இரவு: பாதாமை ஊறவைத்தல்

பாதாமைக் குறைந்தது எட்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். நன்றாக ஊறினால்தான் தோல் விரலால் அழுத்தியதும் வழுக்கி வரும். தோலோடு அரைத்தால் பொங்கல் பழுப்பேறுவதுடன் இலேசான துவர்ப்பும் வரும். மறந்துவிட்டால், கொதிநீரில் பதினைந்து நிமிடம் போட்டுத் தோலை உரித்துவிடலாம்; ஆனால் உட்பகுதி ஊறியிராததால், அரைத்த விழுது வாயில் மணல்போல் உறுத்தும்.

4. காலிஃபிளவரைச் சுத்தம் செய்து உலர்த்துதல்

பூக்களின் இடுக்குகளில் புழு இருக்கக்கூடும். பூக்களைப் பெரிய துண்டுகளாகவே பிரித்து, உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் சேர்த்த சூடான நீரில் ஐந்து நிமிடம் மட்டும் போட்டு எடுக்க வேண்டும். மஞ்சளைத் தாராளமாகப் போட்டால் வெண்பொங்கல் எலுமிச்சை சாதம்போல் ஆகிவிடும்.

அடுத்து வருவதுதான் பெரும்பாலோர் தாண்டிக் குதித்துவிடும் படி. வடித்த பூக்களை ஒரு பருத்தித் துணியின்மேல் பரப்பி, தலைகீழாக வைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரமாவது உலர விட வேண்டும். சுத்தம் செய்கையில் இடுக்குகளில் தங்கிய நீர், காலிஃபிளவரின் சொந்த நீரோடு சேர்ந்தால், வாணலியில் எவ்வளவு நேரம் வதக்கினாலும் தீராது. துருவிய பிறகு கழுவுவதோ இதைவிட மோசம். துருவல் பஞ்சுபோல் நீரைப் பிடித்துக்கொள்ளும். காலையில் செய்ய வேண்டுமானால், இந்தப் படியை இரவே முடித்து, பூக்களைத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். அங்கும் அவை மேலும் சிறிது உலரும்.

வாங்கும்போதே கவனித்தால் பாதி வேலை மிச்சம். காலிஃபிளவர் நம் வயல்களில் விளைகிற பயிர் அன்று. ஓசூர், நீலகிரிப் பக்கமிருந்து லாரியில் வருவது. பூக்கள் நெருக்கமாகவும் கல்போல் கெட்டியாகவும் இருப்பதையே எடுக்க வேண்டும். விரிந்து, மஞ்சளடித்து, தொட்டால் மாவாக உதிர்வதில் நாற்றம் மிகுந்திருக்கும். மார்கழி, தை மாதங்களில் வருவது நன்றாக இருப்பதும் பொங்கலுக்கு மனம் ஏங்கும் காலம் அதுவாகவே இருப்பதும் நமக்கு வாய்த்த வசதி.

5. குருணை அளவுக்குத் துருவுதல்

தயிர்சாதத்துக்கோ எலுமிச்சை சாதத்துக்கோ காலிஃபிளவரை அரிசி அளவில் துருவுவார்கள். பொங்கலுக்கு அதைவிடச் சிறிதாக, குருணை அளவில் இருக்க வேண்டும். குழைந்த சோற்றின் தன்மையைச் சிறு துகள்கள்தான் தரும். பெரிய துகள்கள் கடைசி வரை தனித்தனியாகவே நிற்கும்.

கைத்துருவியில் செய்வதே மிகப் பாதுகாப்பானது. மிக்ஸியில் செய்தால், சிறிது சிறிதாகப் போட்டு, விட்டுவிட்டு இரண்டு மூன்று முறை மட்டும் சுற்ற வேண்டும். ஜாரை நிறைத்து ஒரே ஓட்டாக ஓட்டினால் அடியில் விழுதும் மேலே முழுப்பூவுமாக நிற்கும். அடியில் விழுதாகிப் போன பகுதியை இரக்கமின்றி எடுத்துவிடுங்கள். அதைச் சேர்த்தால் மொத்தமும் கூழாகும். அதை வீணாக்க வேண்டாம், கொத்சில் போட்டுவிடலாம்.

தடித்த நடுத்தண்டைத் துருவலில் சேர்க்கக் கூடாது. தண்டு வேக அதிக நேரம் பிடிக்கும். அது வேகும்வரை வைத்திருந்தால் பூ அழிந்துவிடும்.

6. கொத்சை முதலில் முடித்துவிடுதல்

அரிசிப் பொங்கலைச் செய்துவிட்டுக் கொத்சைச் செய்தாலும் குற்றமில்லை, பொங்கல் காத்திருக்கும். காலிஃபிளவர்ப் பொங்கல் காத்திருக்காது. அடுப்பிலிருந்து இறக்கிய அரைமணி நேரத்தில் நீர் விடத் தொடங்கிவிடும். கொத்சோ நிற்க நிற்கச் சுவை ஏறுவது. ஆகவே கொத்சை முடித்து மூடி வைத்த பிறகுதான் பொங்கலுக்கான வாணலி அடுப்பேற வேண்டும்.

நான் பின்பற்றுவது, நடராசர் கோயிலில் சம்பா சாதத்துக்குத் துணையாக வரும் சிதம்பரம் கொத்சின் முறையை ஒட்டியது. அதில் வெங்காயம் இல்லை. தனியா, மிளகாய், கடலைப்பருப்பு ஆகியவற்றை வறுத்துப் பொடித்து இடுவது வழக்கம். கடலைப்பருப்பு அங்கே மணத்தையும் கெட்டித்தன்மையையும் தருகிறது. மணத்துக்கு எள்ளையும் கெட்டித்தன்மைக்குக் கத்தரிக்காயையும் நம்பலாம்.

தனியாவை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து எடுத்து, அதன்பின் மிளகாயை வறுத்து, கடைசியில் எள்ளைப் போட்டு, அது படபடவென்று வெடித்ததும் உடனே கொட்டி ஆறவைத்துப் பொடிக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் தனியா வறுபடுவதற்குள் எள் கருகிவிடும். கருகிய எள்ளின் கசப்பைப் பிறகு எதைக் கொண்டும் மறைக்க முடியாது.

கல்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, கடுகு தாளித்து, கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்டு, பொடியாக நறுக்கிய கத்தரிக்காயை மிதமான தீயில் நன்றாகக் குழையும்வரை வதக்க வேண்டும். பாதி வெந்த நிலையில் புளிநீரை ஊற்றுவது பொதுவான தவறு. புளிப்பு சேர்ந்துவிட்டால் காய் அதன்பின் எளிதில் மசியாது. கடலைப்பருப்பும் இல்லாத நிலையில் கொத்சு ரசமாக நிற்கும். கரண்டியால் அழுத்தினால் விழுதாகும் பதம் வந்த பிறகே மசித்து, புளிநீர், உப்பு, மஞ்சள்தூள் சேர்க்க வேண்டும்.

பச்சை வாசனை போக எட்டுப் பத்து நிமிடம் கொதித்ததும் பொடியைத் தூவி, மேலும் ஐந்து நிமிடம் வைத்து இறக்கலாம். வெல்லம் இல்லாததால் புளிப்பு தூக்கலாகத் தெரியும். அதைச் சமன்செய்ய ஏதாவது இனிப்பூட்டியைத் தேடுவதைவிட, புளியையே வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைப்பதுதான் சரி. மேலே சொன்ன அளவு ஏற்கெனவே குறைத்ததுதான்.

7. ஈரத்தை வெளியேற்றுதல்

வழிகாட்டி முழுவதிலும் நிதானம் தேவைப்படும் இடம் இது.

வாணலியை நன்றாகச் சூடாக்கி, ஒரு மேசைக்கரண்டி நெய்யில் பாதியை விட்டு, துருவலிலும் பாதியை மட்டும் போட வேண்டும். மொத்தத்தையும் ஒரே முறையில் கொட்டினால், அடியில் கிளம்பும் ஆவி மேலே உள்ள துருவலைத் தாண்டிப் போக முடியாமல் உள்ளேயே சிக்கி, வதங்க வேண்டியது அவிந்துவிடும். வாணலியில் துருவல் ஒரு விரல் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

தீ மிதத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மூடி போடக் கூடாது. மூடினால் ஆவி நீராகித் திரும்ப விழும் என்பது ஒரு காரணம். காலிஃபிளவரில் உள்ள கந்தகச் சேர்மங்கள் ஈரத்தில் நீண்ட நேரம் வேகும்போது நாற்றமாக மாறுகின்றன என்பது இன்னொரு காரணம். "எனக்குக் காலிஃபிளவர் வாடையே பிடிக்காது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மூடிபோட்டு அவித்ததைச் சாப்பிட்டவர்கள்.

உப்பையும் இப்போது போடக் கூடாது. உப்பு, துருவலிலிருந்து நீரை ஒரே வேகத்தில் வெளியே இழுத்துவிடும். வாணலியில் நீர் தேங்கி, துருவல் அதிலேயே வெந்து குழையும். நமக்கு வேண்டியது, நீர் வெளிவர வெளிவர உடனுக்குடன் ஆவியாகிப் போவது. ஏழெட்டு நிமிடம், அடியிலிருந்து புரட்டிப் புரட்டிவிட வேண்டும்.

முடிந்ததா என்பதைக் கடிகாரத்தைக் கொண்டு தீர்மானிக்க வேண்டாம். அடுப்புக்கு அடுப்பு நேரம் மாறும். மூன்று அடையாளங்கள் உண்டு. எழும்பும் ஆவி கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருக்கும். கரண்டியால் துருவலை ஒதுக்கினால் வாணலியின் அடி ஈரமின்றிப் பளிச்சென்று தெரியும். ஒரு சிட்டிகையை விரலிடையில் வைத்து நசுக்கினால் மசியும், ஆனால் விரல் நனையாது. இறுதி முடிவுக்கு இந்த மூன்றாவது அடையாளத்தைத்தான் நான் நம்புகிறேன். பொன்னிறம் வரும்வரை விட்டுவிடக் கூடாது. நிறம் மாறினால் வறுவல் சுவை வந்துவிடும், பொங்கலின் சாயல் போய்விடும்.

முதல் பாதியைத் தட்டில் கொட்டிப் பரப்பி வைத்துவிட்டு, மீதி நெய்யில் இரண்டாவது பாதியையும் இவ்வாறே செய்ய வேண்டும். குவித்து வைத்தால் சூட்டில் மறுபடி வியர்க்கும். 800 கிராம் துருவல் என் அடுப்பில் 550 கிராம் அளவுக்கு இறங்குகிறது. உங்களுடையது 700 கிராமுக்கு மேல் நின்றால் ஈரம் இன்னும் போகவில்லை என்று பொருள். சமையலறைத் தராசு உள்ளவர்கள் முதல் இரண்டு முறையாவது நிறுத்துப் பார்ப்பது கையைப் பழக்கும்.

8. பருப்பின் இடத்தை நிரப்புதல்

வெறும் காலிஃபிளவரில் தாளிப்பைக் கொட்டினால் கிடைப்பது மிளகு சாதம்; பொங்கல் ஆகாது. பாசிப்பருப்பு இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. வறுத்த பருப்பின் மணத்தைத் தந்தது. வெந்து கரைந்து, சோற்றுப் பருக்கைகளை ஒன்றோடொன்று பிணைத்தது.

பிணைப்புக்காக நான் பலவற்றைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். உதிர்த்த பனீர் சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் சூடு ஆறினால் ரப்பராகிறது. முட்டை சேர்த்தால் பொடிமாஸ் ஆகிவிடுகிறது. பலர் பரிந்துரைக்கும் இசப்கோல் உமி நன்றாகவே கெட்டிப்படுத்துகிறது. ஆயினும் வெண்டைக்காய்போன்ற ஒரு வழவழப்பை விட்டுச் செல்கிறது. தேங்காய்ப்பால் மட்டும் சேர்த்தபோது குழைவு வந்தது, மணம் வரவில்லை. பாதாம் விழுதை நெய்யில் வறுத்துத் தேங்காய்ப்பாலில் கரைத்தபோதுதான் இரண்டும் ஒருங்கே கிடைத்தன.

தேங்காயைத் துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, முதல் பாலை மட்டும் பிழிந்துகொள்ள வேண்டும். 100 மில்லி போதும். இரண்டாம் பாலைச் சேர்த்தால், அரும்பாடுபட்டு வெளியேற்றிய தண்ணீரை நாமே திரும்ப ஊற்றியதாகிவிடும். தோலுரித்த பாதாமை இரண்டு மேசைக்கரண்டி நீருக்கு மேல் விடாமல், ரவைப் பதத்துக்குக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். வழுவழுப்பாக அரைத்தால் குருமா வாடை வந்துவிடும். கொரகொரப்புத்தான் பாதி கரைந்த பருப்பின் உணர்வைத் தருகிறது.

அதே வாணலியில் ஒரு மேசைக்கரண்டி நெய் விட்டு, பாதாம் விழுதைச் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் கைவிடாமல் வறுக்க வேண்டும். பச்சை வாடை போய், வறுத்த பருப்பின் மணத்துக்கு மிக அருகிலான ஒரு மணம் எழும்பும். அது எழும்பும்வரை பொறுக்க வேண்டும். இந்தப் படியில் அவசரப்படுகிறவர்களின் பொங்கல் பாயசத்தின் வாசனையோடு முடிகிறது.

பிறகு தேங்காய்ப்பாலை ஊற்றி, உப்பையும் இப்போதே சேர்த்து, சிறு தீயிலேயே இரண்டு நிமிடம் வைத்தால் இட்லி மாவின் பதத்துக்கு வரும். தீயைக் கூட்டினால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். இதில் வதக்கிய துருவலைச் சேர்த்து, மத்தாலோ கரண்டியின் பின்புறத்தாலோ ஆங்காங்கே மசித்துவிட வேண்டும். முழுவதும் மசிக்காமல், மூன்றில் ஒரு பங்கு துகள்கள் முழுமையாக நிற்கும்படி விடுவது வாய்க்கு நன்றாக இருக்கிறது.

9. தாளிப்பு

அரிசிப் பொங்கலில் மிளகில் ஒரு பகுதி சோற்றோடு சேர்ந்தே வெந்து மெலியும். இங்கே அதற்கான நேரமும் இல்லை, நீரும் இல்லை. முழுமிளகைப் போட்டால் கல்போல் கிடந்து, கடிபடும்போது நாக்கைச் சுடும். எனவே மிளகு முழுவதையும் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ள வேண்டும். சீரகத்தை மட்டும் முழுதாக விடலாம்.

காரத்தின் அளவும் மாறும். மாவுச்சத்து காரத்தை அமுக்கிக் காட்டும். அது இல்லாதபோது அதே அளவு மிளகு கூடுதலாக உறைக்கும். வழக்கமாகப் போடுவதில் மூன்றில் இரண்டு பங்கே போதும். நெய்க்கும் இந்த நியாயம் பொருந்தும். சோறு நெய்யைக் குடிப்பதுபோல் காலிஃபிளவர் குடிக்காது. பேலியோவில் கொழுப்புக்குத் தடையில்லை என்ற உற்சாகத்தில் அரைக் கரண்டி கூடுதலாக ஊற்றினால், அது தட்டில் தனியே ஓடும்.

மீதமுள்ள இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் முதலில் தேங்காய்ப் பல்லைப் பொன்னிறமாக வறுக்க வேண்டும். முந்திரிக்குப் பதிலாக இது. முந்திரியில் நூறு கிராமுக்கு 30 கிராம் மாவுச்சத்து இருப்பதால் குறைமாவு பேலியோவில் அதைத் தவிர்க்கிறார்கள். நெய்யில் சிவந்த தேங்காய்ப் பல் அந்த இடத்தைக் குறைவின்றி நிரப்புகிறது. என் வீட்டில் இப்போது அரிசிப் பொங்கலுக்கும் அதையே கேட்கிறார்கள்.

அடுத்து தீயைக் குறைத்து, சீரகம், தட்டிய மிளகு, பொடியாக நறுக்கிய இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை என்ற வரிசையில் போட வேண்டும். தட்டிய மிளகு விரைவில் கருகும் என்பதால், சீரகம் பொரிந்த பிறகே அது வாணலியில் விழ வேண்டும். இஞ்சி வதங்கியதும் நெய்யோடு பொங்கலில் கொட்டிவிடலாம்.

10. சேர்த்து இறக்குதல்

தாளிப்பைச் சேர்த்த பின் சிறு தீயில் ஒரு நிமிடம் மட்டும் கிளறி, மூடாமல் இறக்க வேண்டும். ஐந்து நிமிடம் அப்படியே விட்டால் பாதாம் சற்று இறுகி, கரண்டியில் எடுத்தால் சரிந்து விழும் பதம் வரும். அரிசிப் பொங்கலை நாம் தளர்த்தியாக இறக்குவது, ஆறினால் இறுகும் என்பதால். இது ஆறினால் இறுகுவதைவிட நீர் விடுவதே அதிகம். ஆகவே சாப்பிடும் பதத்திலேயே இறக்க வேண்டும், வெந்நீர் ஊற்றித் தளர்த்தக் கூடாது.

இறுதியில் நீர் கோத்துவிட்டால் செய்யக்கூடியது ஒன்றுதான்: மறுபடி வாணலியில் பரப்பி, கிளறாமல் இரண்டு நிமிடம் விட்டு, ஆவி போனதும் ஒரு முறை புரட்டுவது. பாதாம் மாவை மேலும் தூவிச் சரிசெய்ய முயன்றால் பச்சை வாடை வந்து, இருந்ததும் கெட்டுவிடும்.

வாழையிலையில் பரிமாறுவதாக இருந்தால் கொத்சைப் பொங்கலின்மேல் ஊற்றாமல் பக்கத்தில் வைப்பது நல்லது. சோறுபோல் இது கொத்சை உறிஞ்சாது. மேலே ஊற்றினால் இரண்டும் சேர்ந்து ஓடும்.

11. சோறு உண்பவர்களும் உள்ள வீட்டில்

சம்பாவும் தாளடியும் விளைகிற வீட்டில் ஒருவருக்காக எல்லோரும் அரிசியை விடப்போவதில்லை. விட வேண்டியதும் இல்லை. கொத்சையும் தாளிப்பையும் பொதுவாகச் செய்து, அரிசிப் பொங்கலைக் குக்கரில் ஒரு பக்கம் வைத்துவிட்டால், கூடுதல் வேலை காலிஃபிளவரை வதக்குவது மட்டுமே. தாளிப்பைப் பிரிக்கும்போது பேலியோப் பங்கை முதலில் எடுத்துவிட்டு, மீதியில் முந்திரியும் கூடுதல் மிளகும் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டுப் பெரியவர்களிடம் முதல் முறை பரிமாறும்போது இதைப் பொங்கல் என்று அறிவிக்காமல் வைப்பது என் யோசனை. பொங்கல் என்று சொன்னால் பொங்கலோடு ஒப்பிட்டுத் தோற்கடிப்பார்கள். சொல்லாமல் வைத்தபோது, என் பெரியம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அரிசி என்ன, புதுசா?" என்று கேட்டார்.

12. மீந்ததை என்ன செய்வது

மீந்த பொங்கலைக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். அதற்கு மேல் வாடை வரும். மறுநாள் அதைப் பொங்கலாகவே சூடுபடுத்த முயன்றால் நீர்தான் மிஞ்சும். அடியில் தேங்கிய நீரை வடித்துவிட்டு, இரண்டு முட்டைகளை அடித்துக் கலந்து, தோசைக்கல்லில் கனமாக ஊற்றி, சிறு தீயில் இரு புறமும் சிவக்க எடுத்தால் அடையாகிவிடும். முட்டை உண்ணாதவர்கள் இரண்டு மேசைக்கரண்டி பாதாம் மாவையும் துருவிய பனீரையும் சேர்த்துப் பிசைந்து, சிறு வடைகளாகத் தட்டி நெய்யில் பொரித்தெடுக்கலாம். பெரிதாகத் தட்டினால் திருப்பும்போது உடையும். மீந்த கொத்சு அன்றைக்கு முதல் நாளைவிட நன்றாகவே இருக்கும்.